மாட்டு உண்ணியை ஒழிக்க: புதிதாகக் கறவை மாடு வாங்கியவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய இரண்டு கலப்பின ஜெர்சி மாடுகளில் ஒன்றை ஐந்தாம் மாதமே தோட்டத்து மூலையில் புதைத்தேன். உண்ணியைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்தேன், மருந்து வாங்கினேன், அடித்தேன். அடுத்த மாதம் மறுபடியும் ஏறியது, மறுபடியும் அடித்தேன். அந்த ஐந்து மாதத்தில் நான்கு விதமான மருந்துப் புட்டிகள் என் கட்டுத்தறிக் கூரையில் செருகிக் கிடந்தன. மாட்டின் மேல் தெரிவது உண்ணிக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான், மிச்சமெல்லாம் தரையிலும் சுவர் வெடிப்பிலும் புல்லிலும் காத்துக்கொண்டிருக்கிறது என்பதை மாடு போன பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நான் இருப்பது ஈரோடு மாவட்டத்தில். கீழே உள்ள முறைகள் தமிழ்நாட்டில் இரண்டு, மூன்று கறவை மாடு வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. பணத் தொகை வரும் இடங்களில் நான் கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும்.

1. முதலில் மாட்டைத் தடவிப் பாருங்கள்

கண்ணால் பார்த்தால் போதாது. உண்ணி தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகும்: காது மடலின் உள்பக்கம், அலைதாடி, முன்னங்கால் இடுக்கு, மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலின் அடி. பால் கறந்து முடித்ததும் இந்த இடங்களில் விரலை ஓட்டுங்கள். அரிசி மணி போல் நெருடினால் அது வளரும் உண்ணி. ஆமணக்குக் கொட்டை போல் பருத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தால் வயிறு நிறைய இரத்தம் குடித்த பெட்டை. இன்றோ நாளையோ கீழே விழப்போகிறது என்று பொருள்.

அதைப் பிடுங்கித் தரையில் போடாதீர்கள். நான் மாதக்கணக்கில் செய்த தவறு இது. அது விழுவதே முட்டையிடத்தான்; நீங்கள் பிடுங்கிப் போட்டால் அதற்கு வேலை மிச்சம். விரலால் நசுக்கவும் வேண்டாம். உண்ணியின் உடலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. 2011இல் குஜராத்தில் உயிர்களைப் பறித்த கிரிமியன் காங்கோ காய்ச்சல் அப்படிப்பட்டதுதான். கையுறை போட்டுக்கொண்டு, தோலை ஒட்டி உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றிய டப்பாவில் போடுங்கள். நான்கைந்து உண்ணிகளை மட்டும் உயிரோடு ஒரு சிறு புட்டியில் போட்டு, மூடியில் ஊசித் துளையிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்ட உதவும்.

2. எந்த உண்ணி என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நம் மாடுகளில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று, ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ். நாம் வெறுமனே மாட்டு உண்ணி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உருவத்தில் சிறியது, வாய் குட்டை. இது குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால் தோலுரித்து வளர்ந்து, இணைசேர்ந்து, இரத்தம் குடித்து முடிக்கும்வரை அதே மாட்டில்தான் இருக்கும். இதற்கு ஏறக்குறைய 21 நாள் ஆகும். கடைசி இரவில் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பெரும்பாலும் காலை வேளையில் கீழே விழும். விழுந்த சில நாளில் முட்டையிடத் தொடங்கி 2,000 முதல் 3,000 வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் மூன்று நான்கு வாரங்களில் குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, மாடு உரசிப்போகும் நேரத்துக்காக வாரக்கணக்கில், ஈரம் கிடைத்தால் மாதக்கணக்கில்கூட, பட்டினியோடு காத்திருக்கும்.

இன்னொன்று, ஹயலோமா. உருவம் பெரியது, வாய் நீளம், கால்களில் வரிவரியாக வெள்ளைப் பட்டை இருக்கும். இது ஒரே மாட்டில் தங்குவதில்லை. இளம் பருவத்தில் குடித்துவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஒளிந்து தோலுரித்து, வளர்ந்த உண்ணியாகத் திரும்பி வந்து வேறொரு மாட்டில் ஏறும். தெய்லீரியா என்ற இரத்த ஒட்டுண்ணியைக் கொண்டுவருவது இதுதான். என் மாட்டைக் கொன்றதும் அதுவே.

ஆகவே முதல் வகை என்றால் மேய்ச்சல் இடத்தையும் தரையையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் வகை என்றால் சுவர். பெரும்பாலான கட்டுத்தறிகளில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பது வேறு விஷயம்.

3. கையில் எடுத்துப் போக வேண்டியவை

அரசுக் கால்நடை மருந்தகத்தில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லா மருந்தும் எப்போதும் இருப்பில் இருக்காது. வெளியே வாங்க எழுதிக்கொடுப்பார்கள். அதற்குத் தயாராகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. மருத்துவர் பிற்பகலில் முகாமுக்கோ வேறு கிராமத்துக்கோ போயிருப்பார். மாட்டைக் கொண்டுபோக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

எடுத்துப் போக வேண்டியவை: மாட்டின் காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண், மாட்டின் தோராய எடை, சினையா கறவையா என்ற விவரம், கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்ற குறிப்பு, மேலே சொன்ன உண்ணிப் புட்டி. எடை தெரியாவிட்டால் நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அளந்துபோங்கள். அவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறையும். சாகாமல் தப்பும் உண்ணிதான் அடுத்த தலைமுறையில் மருந்துக்கு அசையாத கூட்டமாக வரும்.

4. மருந்து: புட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பதைப் பாருங்கள்

நான்கு புட்டி வாங்கினேன் என்றேன் அல்லவா? ஒன்றில் டெல்டாமெத்ரின், ஒன்றில் சைபர்மெத்ரின், மூன்றாவதில் மறுபடியும் டெல்டாமெத்ரின் வேறு பெயரில், நான்காவதில் ஃபுளுமெத்ரின். நான்கும் ஒரே குடும்பம். முதல் மருந்துக்கு உண்ணி பழகியிருந்தால் மற்ற மூன்றுக்கும் அசைந்துகொடுக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. அட்டை மாறியது, படம் மாறியது, விலை ஏறியது, உண்ணி அப்படியே இருந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு மாட்டு உண்ணி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

மாற்ற வேண்டுமானால் குடும்பத்தையே மாற்ற வேண்டும். அமிட்ராஸ் வேறு குடும்பம். 12.5 சதவீத அமிட்ராஸ் கரைசலைப் பொதுவாக லிட்டருக்கு 2 மில்லி கலப்பார்கள். கலக்கியதை அன்றே அடித்துத் தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. குதிரைக்கு அமிட்ராஸ் ஆகவே ஆகாது. பக்கத்தில் மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் கவனம்.

மில்லிக்கு 12.5 மில்லிகிராம் வலிமையுள்ள டெல்டாமெத்ரினுக்கும் உண்ணிக்கு லிட்டருக்கு 2 மில்லி என்பதே வழக்கமான அளவு. வலிமை புட்டிக்குப் புட்டி வேறுபடலாம், எனவே அட்டையில் உள்ளதை வாசித்துத்தான் கலக்க வேண்டும். பயிருக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின் உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் இருக்கலாம்; கலந்திருக்கும் கரைப்பானும் தோலுக்கானது அல்ல. அதை மாட்டின் மேல் அடிக்கவே கூடாது. எனக்கு அதைச் சிபாரிசு செய்த கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

ஐவர்மெக்டின் ஊசி 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற அளவில் தோலுக்கடியில் போடுவது. வேலை சுலபம் என்று பலரும் இதைத் தேடிப் போகிறார்கள். ஆனால் மனிதர் குடிக்கும் பால் தரும் மாட்டுக்கு இது கூடாது, மருந்து பாலில் வரும். கன்று, கிடேரி, காளை என்றால் மருத்துவர் சொன்னால் போடலாம். ஃபுளுமெத்ரினில் முதுகுத்தண்டு நெடுக ஊற்றிவிடும் வகை உண்டு, 10 கிலோவுக்கு 1 மில்லி. தண்ணீர் கலக்கும் வேலை இல்லை. விலைதான் கூடுதல்.

எந்த மருந்தானாலும், அடித்தபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கும். வாங்குவதற்கு முன்பே அதைப் படியுங்கள். அந்த நாள்களின் பால் வருமானமும் மருந்தின் விலையில் சேர்த்திதான்.

5. அடிக்கும் முறை

ஒரு பெரிய மாட்டை முழுக்க நனைக்க 3 முதல் 4 லிட்டர் கரைசல் வேண்டும். நான் ஒரு லிட்டர் கலந்து இரண்டு மாட்டுக்கும் தெளித்துவிட்டு மருந்து சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடிக்கும் முன்பு மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். தாகத்தோடு நின்றால் தன் உடம்பையே நக்கும். வாய்க்கூடை போட்டால் இன்னும் நல்லது. உச்சி வெயிலில் வேண்டாம், மழை வரும்போல் இருந்தாலும் வேண்டாம். காலை 8 மணி அளவில், பால் கறந்த பிறகு என்பது எனக்கு ஒத்துவந்த நேரம். புண் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். முடி போகும் திசைக்கு எதிராகத் தெளித்தால்தான் தோல் நனையும். காது மடலுக்குள் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். கண், வாய், மூக்கில் படக் கூடாது. மடியிலும் துணியால் தடவி, அடுத்த முறை கறக்கும் முன்பு சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். இளங்கன்றுக்கு எந்த வயதிலிருந்து அடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள். தனியாக ஒரு கைத்தெளிப்பான் வாங்கிவிடுங்கள். நான் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு மாட்டுக்கு அது தேவையே இல்லை. 5 லிட்டர் போதும். கையுறை, முகமூடி உங்களுக்கு. மிச்சக் கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு.

அடித்தபின் மாடு வாயில் நுரைதள்ளி, தசை துடித்து, தள்ளாடினால் உடனே உடம்பைத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள். புட்டியை எறிந்துவிடாதீர்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அவர் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

6. நாட்காட்டியில் குறித்துவையுங்கள்

அடித்த மூன்றாம் நாள் மறுபடியும் தடவிப் பாருங்கள். காய்ந்து சுருங்கிய உண்ணி பரவாயில்லை. உயிரோடு பருத்துக்கொண்டிருக்கும் உண்ணி நிறைய இருந்தால், ஒன்று நீங்கள் சரியாக நனைக்கவில்லை, அல்லது அந்த மருந்து உங்கள் ஊர் உண்ணியிடம் எடுபடவில்லை. சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லி வேறு குடும்பத்து மருந்துக்கு மாறுங்கள்.

21 நாள் கணக்கு இங்கேதான் உதவுகிறது. தெளித்த மருந்தின் வீரியம் சில நாள்தான். அதற்குப் பிறகு புல்லிலிருந்து ஏறும் குஞ்சு, மூன்று வாரத்தில் முட்டையிடத் தயாராகி விழும். அது விழுவதற்கு முன்பு அடுத்த தெளிப்பு நடந்துவிட வேண்டும். எனக்கு மருத்துவர் வகுத்துத் தந்தது 15 நாளுக்கு ஒருமுறை, மூன்று மாதம். மூன்று மாதம் எதற்கென்றால், ஏற்கெனவே தரையில் கிடக்கும் முட்டையும் குஞ்சும் தீரும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு முறை அடித்ததும் மாடு சுத்தமாகத் தெரியும். பலரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன், இரண்டு தடவை.

எப்போது தொடங்குவது? ஆடி, ஆவணியில் ஈரம் ஏறும் முன்பே. ஐப்பசி மழையில் மாடு முழுக்க உண்ணி அப்பிய பிறகு தொடங்கினால் செலவும் அலைச்சலும் இரண்டு மடங்கு.

7. கட்டுத்தறி

மாட்டுக்கு மருந்து அடிக்கும் அதே நாளில் கட்டுத்தறியையும் கவனிக்க வேண்டும். தீவனத் தொட்டியின் அடி, முளைக்குச்சியைச் சுற்றிய மண், சுவரும் தரையும் சேரும் மூலை, தூணில் கட்டிய பழைய கயிறு, மூலையில் அடுக்கிய சாக்கு இவை எல்லாம் உண்ணியின் குடியிருப்பு. சாணத்தையும் குப்பையையும் அன்றாடம் வாரித் தள்ளி உரக்குழியில் போடுங்கள். பெட்டை உண்ணி காலையில் விழும் என்றேன். அதனால் மாட்டை வெளியே அவிழ்த்துக் கட்டியதும் கூட்டிவிட்டால், விழுந்தது முட்டையிட இடம் தேடும் முன்பே போய்விடும்.

சுவர் வெடிப்பைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவதுதான் நிரந்தர வழி. என் கட்டுத்தறிக்கு ஒரு மூட்டை சிமென்டும் ஒரு நாள் கொத்தனார் கூலியும் ஆயின. நான்கு புட்டி மருந்துக்குச் செய்த செலவைவிட அதிகம்தான். ஆனால் அதை ஒருமுறை செய்தால் போதும். கல்சுவர் என்றால் தீச்சுடர்க் கருவியால் இடுக்குகளைப் பொசுக்குவார்கள். ஓலைக்கூரையோ வைக்கோற்போரோ பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணமே வேண்டாம்.

நாட்டுக்கோழிகள் உண்ணியைப் பொறுக்கித் தின்னும். உண்ணிக்கொக்குக்குப் பெயரே அப்படித்தான் வந்தது, அது முக்கியமாகப் பிடிப்பது மாட்டின் காலடியில் எழும் பூச்சிகளை என்றாலும். கோழி விட்டால் நல்லதே. மருந்து அடித்த சில நாள்களுக்கு மட்டும் அடைத்துவையுங்கள்.

8. மூலிகைக் கரைசல்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்காய் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, மாட்டின் மேலும் சுவர் இடுக்குகளிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, வெயில் நேரத்தில். செலவு அநேகமாக வசம்புக்கு மட்டும்தான்.

கறவை மாட்டுக்கு, உண்ணி குறைவாக இருக்கும்போது, நான் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறேன். உண்ணி அப்பிக்கிடக்கும் மாட்டுக்கு இதை மட்டும் நம்பியிருக்க மாட்டேன். உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் கல்லீரல் கெட்டு மஞ்சள்காமாலை வரும். அரைத்த சக்கையைத் தீவனத் தொட்டிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.

9. காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்

என் மாடு திடீரென்று பாதிப் பால் கொடுத்தது. மறுநாள் தீவனத்தைத் தொடவில்லை. தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். முளைக்குச்சியில் இடித்துக்கொண்டது என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மருத்துவர் வந்தபோது காய்ச்சல் 106 டிகிரி, கண்ணின் உள்இமை காகிதம் போல் வெளுத்திருந்தது.

உண்ணி உள்ள மாட்டுக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டு வீக்கமும் சேர்ந்து வந்தால் தெய்லீரியாவாக இருக்கலாம். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் பேபேசியா. இரத்தம் வெளுத்து, மஞ்சள் பாரித்து, மலச்சிக்கலோடு மெலிந்தால் அனாபிளாஸ்மா. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே மருந்து போடும் முன்பு காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, அருகில் இருந்தால் நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பார்ப்பார்கள்.

தெய்லீரியாவுக்கு பூபர்வாகுவோன் ஊசி. எடைக்கு ஏற்றபடி போடுவதால் ஒரு பெரிய மாட்டுக்குச் சுமார் 20 மில்லி ஆகும், அதற்கு மட்டும் நான் ஆயிரத்துக்கு மேல் கொடுத்தேன். சத்து ஊசி, குளுக்கோஸ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து நான்கு நாளில் 4,600 ரூபாய். முதல் நாளே போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

10. காதுவில்லையும் காப்பீடும்

மாடு இறந்த அன்று இன்னொரு அடி விழுந்தது. காப்பீடு இருந்தது, காதுவில்லை இல்லை. வேலியில் மாட்டிக் காது கிழிந்து விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிட்டது.

மாடு வாங்கியதும் மருந்தகத்தில் சொல்லி, காதுவில்லை எண்ணை உங்கள் பெயருக்கும் கைபேசிக்கும் மாற்றிப் பதியச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு மருத்துவரின் உடல்நலச் சான்று, வில்லை தெரியும்படி எடுத்த படம், அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். பணம் கட்டிய நாளிலிருந்து சில நாள் கழித்தே நோய்ச்சாவுக்குப் பாதுகாப்பு தொடங்கும். அந்த நாள்கணக்கைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வில்லை விழுந்தால் அதே வாரத்தில் புது வில்லை போட்டு, எண் மாறியதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன்பே தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனை அறிக்கை பெற வேண்டும். வில்லையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

11. அடுத்த மாடு வாங்கும்போது

சந்தையில் தரகர் பல்லைப் பிடித்துக் காட்டுவார். நீங்கள் காது மடலையும் வால் அடியையும் பாருங்கள். குளிப்பாட்டிக் கொண்டுவந்த மாட்டிலும் அங்கே தெரிந்துவிடும். காங்கேயம் போன்ற நாட்டு மாடுகளின் தோல் உண்ணியை ஓரளவு தாங்கும். கலப்பின மாட்டில் ஐரோப்பிய இரத்தம் ஏற ஏற உண்ணியும் ஏறும். பால் கூடுதலாக வேண்டும் என்று கலப்பினம் வாங்கினால் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். முதல் நாளே மருத்துவரைக் கேட்டு மருந்து அடித்து, மூன்று வாரம் தனியே, முடிந்தால் சிமென்ட் தரையில் கட்டுங்கள். அந்த இடத்தைத் தினமும் காலையில் கூட்டி, கூட்டியதைத் தீயில் போடுங்கள். காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். வெப்பமானி 150 ரூபாய்க்குள் கிடைக்கும். 103 டிகிரியைத் தாண்டினால் அன்றே மருத்துவரை அழையுங்கள்.